ரசவாங்கிப் படையெடுப்பு

மயிலாப்பூரில் எங்கள் மாடி வீட்டு மாமி ரசவாங்கி செய்தால், வாசனை கீழே இறங்குவதற்குள் கிண்ணம் இறங்கிவிடும். பிஞ்சுக் கத்தரிக்காய், துவரம்பருப்பு, புளித்தண்ணீர். தனியா, கடலைப்பருப்பு, மிளகாய், தேங்காய் வறுத்து அரைத்த விழுது. குழம்பு என்றால் குழம்புக்குக் கோபம் வரும், கூட்டு என்றால் கூட்டுக்குக் கோபம் வரும். ரசம் யாரிடமோ எதையோ கடன் வாங்கியதால் இந்தப் பெயர் என்று நாற்பது வயது வரை நம்பியிருந்தேன்.

"வாங்கின்னா எங்க பாஷைல கத்தரிக்காய்டா, அசடு" என்றார் மாமி.

அவர்கள் பாஷை தஞ்சாவூர் மராத்தி. புனேயிலிருந்து வந்த ஒரு விருந்தாளி அதை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, "தமிழ் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது" என்றாராம்.

அந்தக் கத்தரிக்காய் தெற்கே வந்தது குதிரைமேல். கதை ஒரு பெண் பார்க்கும் படலத்தில் தொடங்குகிறது. மதுரை நாயக்கர் சொக்கநாதர், தஞ்சை நாயக்கர் விஜயராகவரிடம் பெண் கேட்டார். ஜாதகம் பொருந்தவில்லை என்று நாசூக்காகச் சொல்லியிருக்கலாம். தஞ்சை முகத்திலடித்தாற்போல் மறுத்தது. 1673இல் மதுரைப் படை வந்தது. கிழவர் விஜயராகவர் அந்தப்புரத்துக்கு வெடி வைக்கச் சொல்லிவிட்டுக் களத்துக்குப் போய் மடிந்தார். அந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை, தாண்டிப் போவோம்.

தஞ்சையைப் பார்த்துக்கொள்ள, தன்னோடு வளர்ந்த அழகிரியை உட்காரவைத்தார் சொக்கநாதர். (மதுரை, அழகிரி என்றதும் வேறு யாரையும் நினைக்க வேண்டாம்; இது 17ஆம் நூற்றாண்டு.) காவிரித் தண்ணீர் நாலு நாள் குடித்ததும் அழகிரி மதுரையை மதிப்பதை நிறுத்திவிட்டார்.

இப்போது வருகிறார் நம் கதாநாயகர், ராயசம் வெங்கண்ணா. ராயசம் என்றால் அரண்மனை எழுத்தர். நாகப்பட்டினத்தில் ஒரு வியாபாரி வீட்டில் வளர்ந்துகொண்டிருந்த நாயக்க வாரிசு செங்கமலதாசனைக் கண்டுபிடித்து, நேரே பீஜப்பூர் சுல்தானிடம் போய், பையனுக்கு நாட்டை மீட்டுத் தாருங்கள் என்றார். சுல்தான் அனுப்பிய தளபதி ஏகோஜி, சத்ரபதி சிவாஜிக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. ஏகோஜி அழகிரியை விரட்டினார், பையனை அரியணையில் ஏற்றினார். ஆனால் மந்திரி பதவி வெங்கண்ணாவுக்குக் கிடைக்கவில்லை. உடனே அவர் ஏகோஜியிடம் போய், "பேசாமல் நீங்களே உட்கார்ந்துவிடுங்களேன்" என்ற ரீதியில் காதைக் கடித்தார். 1676 வாக்கில் ஏகோஜி உட்கார்ந்துவிட்டார். கோட்டையைக் கவிழ்க்கப் பீரங்கி எதற்கு, பிரமோஷன் கிடைக்காத ஒரு குமாஸ்தா போதும்.

இதே நாடகத்தை 500 வருஷம் முன்பே அயர்லாந்தில் போட்டுவிட்டார்கள். நாட்டை இழந்த டெர்மாட் என்ற அரசர், கடல் கடந்து நார்மன் பிரபு ஸ்டிராங்போவைத் துணைக்கு அழைத்தார். அவர் 1170இல் வந்து டெர்மாட்டின் மகளைக் கட்டிக்கொண்டார். மறு வருஷம் மாமனார் போனதும் நாட்டையும் கட்டிக்கொண்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் அதுதான். பிறகு அந்த நார்மன்கள் ஐரிஷ் பேசி, ஐரிஷ் பெண்களை மணந்து, சேணமில்லாமல் குதிரை ஏறி, ஐரிஷ்காரர்களைவிட ஐரிஷாகிப் போனார்கள். பதறிய ஆட்சி, ஆங்கிலேயர் ஆங்கிலேயராகவே நடக்க வேண்டும் என்று 1366இல் கில்கென்னியில் சட்டம் போட்டது. ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்ற அந்தச் சட்டத்தை எழுதியது பிரெஞ்சில்! அடுத்த வருஷமே அங்கே அரசப் பிரதிநிதியாக வந்த டெஸ்மாண்ட் பிரபு, ஐரிஷில் கவிதை எழுதுகிறவர்.

தஞ்சையில் சட்டம் போடக்கூட ஆளில்லை. 1677இல் அண்ணன் சிவாஜி கொள்ளிடக் கரைக்கு வந்து அப்பா சொத்தில் பாதி கேட்டார். தம்பி ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைத் தாண்டி ஓடினார். பாகப்பிரிவினை பேச்சில் பாதியில் எழுந்து போவதை அவர் இந்த மண்ணில்தான் கற்றிருக்க வேண்டும்.

ஏகோஜியின் மகன் சாஹஜி திருவாரூர் தியாகராஜரிடம் சரணடைந்து தெலுங்கில் பல்லக்கு சேவைப் பிரபந்தம் எழுதினார். வீட்டில் மராத்தி, மேடையில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், தட்சிணை கொடுக்க சமஸ்கிருதம். இரண்டாம் சரபோஜி 1803இல் பெரிய கோயில் சுவரில் தங்கள் வம்ச வரலாற்றை மராத்தியில் வெட்டிவைத்தார். ஓலையைக் கரையான் தின்னும், அரண்மனைச் சுவரில் பேரன் வெள்ளையடிப்பான். கருங்கல் தேவலை என்று நினைத்திருப்பார். அதே சரபோஜியைக் காதலித்து நாயகி உருகும் குறவஞ்சியைத் தமிழில் பாடினார் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர். அந்த அரண்மனையில் இருந்த பொன்னையா சகோதரர்கள் நால்வர் அலாரிப்பு முதல் தில்லானா வரை வரிசை போட்டுக் கொடுத்ததைத்தான், 1936இல் அடையாற்றில் பிறந்த கலாக்ஷேத்ரா முதல் தெருமுனை நாட்டியப் பள்ளி வரை இன்றும் ஆடுகிறார்கள்.

சாம்பாரும் அந்த அரண்மனை அடுக்களையில் பிறந்ததாம். சிவாஜியின் மகன் சம்பாஜி வந்த அன்று புளி போட்டுக் கொதிக்கவிட்டார்களாம். ஆதாரம் கேட்டால் பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

1855இல், ஆண் வாரிசு இல்லை என்று கம்பெனி தஞ்சையை முழுங்கியது. கணக்கும் ஆங்கிலமும் தெரிந்த ராவ்கள் வேறு கச்சேரிகளைத் தேடினார்கள். அவர்களில் பெரிய புள்ளி, 1828இல் கும்பகோணத்தில் பிறந்த மாதவ ராவ். திருவிதாங்கூரில் திவான், அங்கே அவர் சிலை நிற்கும் இடத்துக்கு ஸ்டாச்யூ என்றே பெயர். பிறகு இந்தூர், பரோடா. மராட்டிய சமஸ்தானங்களை நிர்வாகம் செய்ய, தென்னாட்டுச் சாப்பாட்டில் ஊறிய மராட்டியர் தேவைப்பட்டார்! ஓய்வு பெற்றதும் மராட்டிய பூமியிலா தங்கினார்? மயிலாப்பூருக்கு வந்து, 1891இல் இங்கேயே கண்மூடினார். ஊர் உலகத்துக்கு அவர் டி. மாதவ ராவ். அந்த 'டி' தஞ்சாவூர். முன்னோர் பிடித்த ஊரை அவர் இனிஷியலாகத் தலையில் சுமந்தார்.

அண்ணன் சிவாஜியும் தப்பவில்லை. தி.நகரில் சிவாஜி வீடு எங்கே என்று கேளுங்கள், தெற்கு போக் ரோட்டுக்குக் கை காட்டுவார்கள். அண்ணாவின் நாடகத்தில் அந்த வேஷம் கட்டிய கணேசனுக்குப் பெரியார் கொடுத்த பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு மாடிக்குப் போய், "மாமி, நீங்க எங்களை ஜெயிச்சவாளாமே?" என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். போன வாரக் கிண்ணம் எங்கே?"

வெறும் கிண்ணமாகத் திருப்பினால் மரியாதை இல்லை. வீட்டில் சொல்லி, சுண்டைக்காய் வத்தக்குழம்பு நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"புளி கொஞ்சம் தூக்கல். எங்க தஞ்சாவூர்ல இப்படிப் பண்ண மாட்டோம்."