முன்னூறு பூ போடுற மிஷினும் மூணு முழத் துணியும்

ஏந்தாயி, தையல் மிஷின் வாங்கப் போறியாமே? தெருவெல்லாம் அதான் பேச்சு. வாங்கு, வாங்கு. மடிச்ச துணி வைக்க வீட்டுல இடமில்லன்னு உங்க அத்தை ரொம்ப நாளா பொலம்பிக்கிட்டு இருக்கா. மிஷின் வந்துட்டா அந்தக் கொறை தீந்துரும். மொத மாசம் அதுக்கு ஒரு வெல்வெட் உறை. ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. தைப் பொங்கல் வரும்போது அது தலைமேல நாலு சேலை ஏறியிருக்கும். சித்திரை பொறக்குறதுக்குள்ள மிஷின் எங்கன இருக்குன்னு வெளக்கு வச்சுத் தேடணும். ராஜபாளையத்துலயும் சீவில்லிபுத்தூர்லயும் நான் பாத்த பாதி வீட்டு மிஷின் இந்தக் கோலத்துலதான் நிக்கி. ஒழுங்கா ஓடுற மிஷினும் இருக்கத்தான் செய்யி. அந்த வீட்டுக்காரிக யாரும் வெல்வெட் உறை போட்டு நான் பாத்ததில்ல.

செல்லுல ஒண்ணு காமிச்சயே, முன்னூறு தையல் போடுமாம்ல. வாத்து போடுது, இலை போடுது, இங்கிலீசுல பேரு கூட எழுதுது. கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. நீ தைக்கப் போறது என்ன? உனக்கு ஜாக்கெட்டு, மகளுக்குப் பாவாடை சட்டை, உங்க அத்தைக்கு ரெண்டு உள்பாவாடை, நாலு தலகாணி உறை. இத்தனைக்கும் வேண்டியது ஒரே தையல்தான், நேர்த்தையல். கோணாம முன்னாடி போகணும், முடியிற எடத்துல கொஞ்சம் பின்னாடி வந்து பிரியாம நிக்கணும். மிச்சம் இருநூத்தித் தொண்ணூத்தொம்பதையும் எங்கன கொண்டுபோய்ப் போடுவ? உங்க அத்தை உள்பாவாடையில வாத்து விட்டா அவ சும்மா இருப்பாளா?

நேர்த்தையலோட ஜிக்ஜாக் இருந்தா நல்லது, அதையும் சொல்லிருதேன். துணி ஓரம் பிரியாம மடக்கலாம், காஜா எடுக்கலாம், பனியன் துணிய இழுத்தாலும் தையல் அத்துக்கிட்டு வராது. அதுக்கு மேல உள்ள ஒவ்வொரு பூவுக்கும் நீ காசு கட்டுற. பூவு வேணும்னா சீவில்லிபுத்தூர் கோயில் வாசல்ல முழம் போட்டுத் தருவாக, வாங்கி வச்சுக்கோ.

அப்புறம் அந்தக் கையடக்க மிஷினு. வெளம்பரத்துல ஒரு புள்ள சிரிச்சுக்கிட்டே திரைச்சீலையத் தச்சு முடிச்சிருது. அது ஒத்தை நூல் மிஷின், தாயி, சங்கிலித் தையல். நுனியில ஒரு இழை அந்துச்சுன்னா அந்தக் கடைசி வரைக்கும் உருவிக்கிட்டு வந்துரும். அரிசி மூட்டை வாயில போடுவாகளே, அதே சாதித் தையல்தான். மூட்டை பிரிக்கணும், அதனால அதுக்குச் சரி. கல்யாண வீட்டுல ஜாக்கெட்டு பிரிஞ்சா நல்லாவா இருக்கும்? மேல் நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவுல ஒண்ண ஒண்ணு பூட்டிக்கிடுற மிஷின்தான் நமக்கு வேணும்.

சரி, எந்த மிஷினு? நம்ம ராஜபாளையம் நாய் வெள்ளையா இருந்தாத்தான் மதிப்பு. மிஷினு கருப்பா இருந்தா நான் மதிப்பேன். அந்தக் கால்மிதி வச்ச இரும்பு மிஷினத்தான் சொல்றேன். கரண்டு போனாலும் ஓடும். பாபின், பாபின் கேஸ், பெல்ட், ஊசி எல்லாம் பஜார்ல எந்த நூல் கடைக்குப் போனாலும் கெடைக்கும், கம்பெனி பேரக் கூடச் சொல்ல வேண்டாம். கால் வலிச்சா சின்ன மோட்டார் ஒண்ண மாட்டிக்கிடலாம். ஜிக்ஜாக் மட்டும் போடாது. தூக்கி வைக்கவும் முடியாது, ஒரு மூலை அதுக்கே போயிரும். வாடகை வீட்டுல இருக்கவ, வருஷத்துக்கு ஒருதரம் வீடு மாத்துறவ, பிளாஸ்டிக் ஒடம்பு வச்ச சின்ன ஜிக்ஜாக் மிஷின் வாங்குறதுல தப்பில்ல. அதுல ஒரு பத்து, பதினஞ்சு தையல் இருக்கும். அதுவே உன் ஆயுசுக்குக் காணும்.

எத வாங்கினாலும் கடைக்குப் போறதுக்கு முந்தி மெக்கானிக்க விசாரிச்சுரு. இந்த மாடலக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவரு ஊருக்குள்ள இருக்காரா, கூப்பிட்டா சைக்கிள்லயோ வண்டியிலயோ வீட்டுக்கு வந்து பாப்பாரான்னு கேளு. கம்ப்யூட்டர் மிஷின்ல உள்ள இருக்கிற போர்டு போச்சுன்னா, அது மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏறணும். நீ தீபாவளிக்குத் தைக்க எடுத்த துணி பொங்கலுக்குக் கூட வராது. கடைக்காரரு மிஷினோட பெருமையத்தான் சொல்லுவாரு. அதோட நோயெல்லாம் மெக்கானிக்குக்குத்தான் தெரியும். டீ வாங்கிக் குடுத்துக் கேட்டா உண்மையச் சொல்லிருவாரு.

இன்னொருத்தி வந்தா, "பாட்டி, தளவாய்புரத்துல இருக்க மாதிரி பவர் மிஷினே போட்டுரலாமா?"ன்னு. தளவாய்புரம், செட்டியார்பட்டிப் பக்கம் நைட்டி தைச்சே குடும்பம் நடத்துறாக. அங்கன ஒரு நாளைக்கு எத்தன பீஸுங்கிறதுதான் கணக்கு. நிமிஷத்துக்கு 5,000 தையல் வரைக்கும் ஓடக்கூடிய மிஷினு அது, அவுகளுக்கு அது சோறு. உனக்கு எதுக்கு? காலு லேசாப் பட்டதும் துணி அந்தப் பக்கம் போய் விழுந்திருக்கும், கூட உன் வெரலும் போயிருக்கும். விரலு போனாலும் கவலையில்ல, பேண்டேஜ் துணி நெய்யுற சத்திரப்பட்டி பக்கத்துலதான் இருக்கு. நாலடி மேசை வேற வீட்ட அடைச்சுக்கிடும். பீஸ் வேலை எடுத்துச் செய்யப் போறன்னா மட்டும் அத வாங்கு. அப்பவும் சர்வோ மோட்டார் போட்டதாக் கேளு. பழைய கிளச் மோட்டார் நீ தைக்காம ஊர்க்கதை பேசிக்கிட்டு இருந்தாலும் கரண்டக் குடிச்சுக்கிட்டே கெடக்கும்.

பணத்துக்கு என்ன பண்ணுவன்னு கேட்டா, தவணையில எடுத்துரலாம்ங்கிற. அது ஒண்ணும் புதுசில்ல. ஐசக் சிங்கர்னு ஒரு அமெரிக்காக்காரரு 1851-ல மிஷினுக்குப் பேட்டன்ட் வாங்கினாரு. மொத்தக் காசையும் எடுத்து வைக்கச் சனங்களால முடியலன்னதும், 1856-ல அந்தக் கம்பெனி தவணைக்குக் குடுக்க ஆரம்பிச்சிருச்சு. உன்னோட இஎம்ஐக்கு அவுகளும் ஒரு முப்பாட்டன் முறை.

மிஷின்களக் கண்டாலே மொகம் சுளிச்ச காந்தி கூட இந்த ஒண்ணுக்கு விலக்குக் குடுத்தாரு. 1924-ல ஜி. ராமச்சந்திரன்னு ஒரு இளவட்டம் அவருட்ட இதப்பத்திக் கேள்வி கேட்டுச்சு. பின்னாடி தன் வீட்டுக்காரம்மா சௌந்தரத்தோட சேந்து சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமத்த ஆரம்பிச்சவரு அவருதான். சிங்கரு தன் பொண்டாட்டி கையால தச்சுத் தச்சுக் கஷ்டப்படுறதப் பாத்து, அந்தப் பாசத்துல மிஷினச் செஞ்சாருன்னு காந்தி அவருக்குப் பதில் சொன்னாரு. பாசக்கார மனுசந்தான், சந்தேகமே இல்ல. சிங்கருக்குப் பிள்ளைக இருபதுக்கு மேல, பெத்தவளுக பல பேரு. எந்தப் பொண்டாட்டி கஷ்டப்பட்டான்னு மட்டும் காந்திட்ட யாரும் சொல்லாம விட்டுட்டாக.

மிஷினப்பத்தி இவ்வளவு பேசுறயே, கத்தரிக்கோலப்பத்தி ஒரு வார்த்தை கேட்டயா? தையல்ல பாதி, வெட்டுல இருக்கு. கோணலா வெட்டினத முன்னூறு தையல் மிஷினும் நேராக்காது. நம்ம சீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாகள்ல, அது மீரட் கத்தரிக்கோலுக்கு 2013-லயே கெடச்சிருச்சு. ஒம்பது இஞ்சோ பத்து இஞ்சோ, கைக்கு அடங்குறதா ஒண்ணு எடுத்துக்கோ. கடையிலயே துணிய நுனி வரைக்கும் வெட்டிப் பாரு. நுனியில துணிய மெல்லுச்சுன்னா வச்சுட்டு வந்துரு. வீட்டுக்கு வந்ததும் அத ஒளிச்சு வையி. இல்லன்னா உன் மகன் அட்டை வெட்டுவான், உன் வீட்டுக்காரரு பால் பாக்கெட்டு வெட்டுவாரு, உங்க அத்தை கருவாடு வெட்டுவா. ஒரு தடவை காகிதம் வெட்டின கத்தரி அப்புறம் துணிய மதிக்காது.

இஞ்ச் டேப்பு பத்து ரூவாக் காரியம்னு நெனைக்காத. பொய் சொல்ற டேப்பு நெறைய இருக்கு. ஒரு பக்கம் 60 இஞ்சு, மறுபக்கம் 150 சென்டிமீட்டர்னு ரெண்டும் ஒரே எடத்துல முடிஞ்சா, அதக் கையெடுத்துக் கும்பிட்டு வச்சுரு. 150 சென்டிமீட்டர்ங்கிறது 59 இஞ்சுக்கு ஒரு நூலு கூட, அம்புட்டுத்தான். பழைய டேப்பு இழுத்து இழுத்து நீளவும் செய்யும். நீ குண்டாகலன்னு டேப்பு சொல்லும், ஜாக்கெட்டு கொக்கி வேற கதை சொல்லும்.

ஊசிக்கு வா. மிஷின் ரிப்பேர்னு அலறுறவள்ல பாதிப் பேருக்கு ஊசி மாத்தினாலே சரியாப் போயிரும். மெல்லிசுப் பட்டுக்கு 11-ம் நம்பர் ஊசி, சாதாரண பருத்தி ஜாக்கெட்டுக்கு 14, கனத்த துணிக்கு 16, ஜீன்ஸ் பேன்ட்டு அடி மடக்க 18. பனியன் துணிக்குன்னு முனை உருண்ட ஊசி தனியா இருக்கு. துணியக் குத்தும்போது டொக்கு டொக்குன்னு சத்தம் வந்தா முனை மழுங்கிருச்சுன்னு அர்த்தம். வீட்டு மிஷின் ஊசிக்குத் தலையில ஒரு பக்கம் தட்டையா இருக்கும், பவர் மிஷின் ஊசி முழு உருண்டை. அத இதுல சொருகிட்டு மிஷினத் திட்டாத. தட்டை எந்தப் பக்கம் பாக்கணும்ங்கிறது மிஷினுக்கு மிஷின் மாறும், வாங்குன அன்னைக்கே கடைக்காரரப் போட்டுக் காட்டச் சொல்லு.

நூலு? "1936-லேர்ந்து மில்லு ஓடுற ஊருல்ல, மாமா மில்லுல கோன் நூலு எடுத்துட்டு வருவாரு"ன்னு கணக்குப் போட்டுருப்ப. அது நெய்யுற நூலு, ஊசிக்காதுல ஓடும்போது பஞ்சு பஞ்சா உரிஞ்சு அந்துரும். தைக்கிற நூலு ரெண்டு மூணு இழைய ஒண்ணா முறுக்கி எடுத்தது. மதுரை ஹார்வி மில்லுதான பின்னாடி மதுரா கோட்ஸ் ஆச்சு, அவுக சாம்ராஜ்யமே அந்த முறுக்குலதான் நின்னுச்சு. எண்ணெய்யும் மிஷின் எண்ணெய்தான் விடணும். தேங்கா எண்ணெய் விட்டா நாளாக நாளாகப் பிசின் கட்டிக்கிட்டு சக்கரம் சுத்தாது. தேங்கா எண்ணெய உன் தலைக்கு வச்சுக்கோ, அங்கனயும் கொஞ்சம் சுத்த வேண்டியிருக்கு.

இஸ்திரிப் பெட்டிய யாரும் தையல் சாமான்ல சேக்குறதே இல்ல. ஒவ்வொரு தையல் போட்டதும் ஒரு இழுப்பு இழுத்துட்டு அடுத்ததுக்குப் போ. கடையில தச்சதுக்கும் நீ தச்சதுக்கும் உள்ள வித்தியாசம் பாதி அதுலயே போயிரும். லைனிங் துணிய நனைச்சுக் காயப் போட்டுட்டு வெட்டு. நனைக்காமத் தச்சா மொத வெளுப்புலயே லைனிங் சுருங்கி, மேல்துணி கொசகொசன்னு கெடக்கும்.

அப்புறம் ட்ரையல். நாலு குண்டூசி குத்தி, கையால ஓட்டுத் தையல் போட்டு, ஒடம்புல போட்டுப் பாத்துட்டுத்தான் மிஷின்ல ஏத்தணும். போட்டுப் பாத்துட்டுக் குடுக்கிற வழக்கத்த ஊருக்குச் சொல்லிக் குடுத்ததே நம்ம ஆண்டாள்தான். மாலையச் சூடி, கெணத்துல மொகத்தப் பாத்து, சரியா இருக்குன்னு தெரிஞ்ச பெறகுதான பெருமாளுக்கு அனுப்புனா. அவ அப்பா பெரியாழ்வாருக்கு மொதல்ல கோவந்தான். பெருமாளுக்கு அந்த மாலைதான் பிடிச்சுச்சு. நீ ட்ரையல் பாக்கலன்னா எந்தப் பெருமாளுக்கும் பிடிக்காது.

எதுல ஆரம்பிக்கன்னு கேப்ப. ஜாக்கெட்டுலன்னு மட்டும் சொல்லிராத. ஜாக்கெட்டு கடைசிப் பரீட்சை. தையல் கிளாஸ்ல மொதல்ல நூலே கோக்காம, கோடு போட்ட காகிதத்துல ஓட்டச் சொல்லுவாக, அதச் செய்யி. அப்புறம் மஞ்சப்பை தை. அரசாங்கமே 2021-ல "மீண்டும் மஞ்சப்பை"ன்னு இயக்கம் ஆரம்பிச்சிருக்கு, நீ தைக்கிற கோணப் பைக்கும் காய்கறிக் கடையில மரியாதை உண்டு. பை நேரா நின்னா உள்பாவாடை, உள்பாவாடை இடுப்புல நின்னா நைட்டி. நாடா கோக்குற பாவாடையில அளவு தப்பினாலும் நாடா காப்பாத்தும். ஜாக்கெட்டுல அளவு தப்பினா உன்ன யாரும் காப்பாத்த முடியாது.

இன்னொண்ணு. சத்தியவாணி முத்து அம்மையார் பேருல அரசாங்கம் இலவசத் தையல் மிஷின் குடுக்குது. சம்பளம் வாங்குற நீ அந்த வரிசைப் பக்கம் போகாத. உன் தெருவுல புருஷன எழந்தவ, கைவிடப்பட்டவ, தையல் படிச்சுட்டு மிஷின் இல்லாம இருக்கவ இருந்தா, விருதுநகர் கலெக்டர் ஆபீசுல சமூக நலத் துறையில போய் விசாரிக்கச் சொல்லு. அந்த மிஷின் மேல சேலை அடுக்க மாட்டா.

பழைய மிஷின் வாங்குறதும் கௌரவக் கொறச்சல் இல்ல. போகும்போது உன் துணியும் உன் நூலும் கொண்டுபோ, அவுக துணியில எல்லா மிஷினும் நல்லாத்தான் தைக்கும். மெல்லிசு டூ பை டூ துணி ரெண்டு மடிப்பு, ஜீன்ஸ் துணி நாலு மடிப்பு, ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு அடிப்பக்கத்தத் திருப்பிப் பாரு. அடியில நூல் கொத்துக் கொத்தா நின்னா மேல் நூல் டென்ஷன் தளந்திருக்கும், இல்ல நூல் கோத்தது தப்பா இருக்கும். அத அங்கனயே சரி பண்ணிக் காட்டச் சொல்லு. கைச்சக்கரத்தப் பிடிச்சு ஆட்டு, லொட லொடன்னா வெலையில கொற, இல்ல வீட்டப் பாத்து வந்துரு.

இத்தனையும் கேட்டுட்டு, இல்ல பாட்டி, எனக்கு அந்த முன்னூறு பூ போடுற மிஷின்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னயின்னா, தாராளமா வாங்கிக்கோ. பில்லையும் அட்டைப் பெட்டியையும் பத்திரமா வையி. ரெண்டு வருஷம் கழிச்சு விக்கணும்னு தோணும்போது வெளியில சொல்லாம மொதல்ல எனக்குச் சொல்லு. பாதி வெலைக்கு நானே எடுத்துக்கிடுதேன்.