கரை பார்க்கும் மாமா

காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பும் எந்தச் சுற்றுலா வேனிலும் ஒரு மாமா இருப்பார். பிள்ளையார்பாளையத்தில் ஆயுசுக்கும் பட்டு நெய்தவர். முழங்கால் மக்கர் செய்வதால் இப்போது வாய் மட்டும் நெய்கிறது.

வேன் போவது சதுரங்கப்பட்டினம் என்றதுமே அவருக்கு ஒரு மனக்குறை. "2019 வரைக்கும் நம்ம ஜில்லாதான்யா அது. செங்கல்பட்டுக்காரன் பிரிச்சு வாங்கிட்டுப் போயிட்டான்." பாகப்பிரிவினையில் தோப்பைக் கோட்டைவிட்ட அண்ணன் மாதிரிப் பெருமூச்சு விடுவார். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் பொட்டலத்துக் கோயில் இட்லி காலி.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை, உள்ளே கிடங்குகள், கல்லறைகள். 1782-இல் இந்தக் கடலில்தான் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலேயக் கப்பல்களும் மோதிக்கொண்டன என்று நீங்கள் தொண்டை வறளச் சொல்லலாம். மாமா கொட்டாவி விடுவார். மஸ்லின் துணி இங்கிருந்து கப்பலேறியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

"யாரு நெய்தது?"

"சுத்துப்பட்டுத் தறிக்காரங்கதான் மாமா. டச்சுக் கம்பெனி வியாபாரிக்கு முன்பணம் கொடுக்கும், அவர் நெசவாளிக்குக் கொடுப்பார். மாதிரித் துணியோட ஒத்துப் போகலைன்னா கழிச்சுடுவாங்க."

"கழிச்சதை என்ன பண்ணான்? அதையும் பாதி விலைக்கு அவனேதானே எடுத்திருப்பான்!"

இழை விட்டிருக்கு, கறை பட்டிருக்கு என்று யாரோ ஒரு முதலாளி எப்போதோ மாமாவின் கூலியில் பிடித்த பாக்கி, முந்நூறு வருஷம் பின்னால் போய் டச்சுக்காரன் தலையில் விழும்.

கல்லறைக் கற்களில் மண்டையோடு, குடும்பச் சின்னம் என்று நுணுக்கமான செதுக்கு வேலை. மாமா குனிந்து விரலால் தடவுவார். "முந்தி பரவாயில்லை. கரைதான் ரெண்டு பக்கமும் ஒத்து வரலை." உள்ளே படுத்திருப்பவர் மறுத்துப் பேசவா போகிறார்?

மதிலோரம் ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும். மாமா நேரே பெண்ணின் அம்மாவிடம் போவார்.

"கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டுல எடுத்ததா? ஒரு சரிகை இழையை நகத்தால சுரண்டிப் பாருங்க. உள்ளே சிவப்புப் பட்டு தெரியணும். இல்லேன்னா அசல் சரிகை இல்லை."

அந்த அம்மாள் முந்தானையைப் பிடித்தபடியே கடைப் பெயரைச் சொல்வார். மாமாவின் முகம் மாறும். தங்கச்சி மகன் வேலை பார்க்கிற கடை.

"வேணாம்மா, சுரண்டினா புடவை பாழாயிடும்."