வசூல் ராஜாக்கள்

பஞ்சத்தை டி.வி.யில் காட்டினால் என்ன ஆகும் என்பது எத்தியோப்பியாவுக்கு 1974-லேயே தெரியும். ஆட்சி போகும்.

சக்கரவர்த்தி ஹைலே செலாசி, சாலமோன் ராஜாவின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர். 1973-ல் வொல்லோ பகுதியில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தது அரண்மனையின் காதில் விழவில்லை. ஜொனாதன் டிம்பிள்பி என்ற நிருபர் அதைப் படமெடுத்து பிரிட்டிஷ் டி.வி.யில் போட்டுவிட்டார். மறுவருடம் ராணுவக்காரர்கள் அதே படத்தில் பட்டினிக்கு நடுநடுவே அரண்மனை விருந்தையும், மன்னர் தம் நாய்களுக்குக் கறி போடுவதையும் ஒட்டி, செப்டம்பர் 11 ராத்திரி ஒளிபரப்பினார்கள். விடிந்ததும் மன்னரை இறக்கி, ஒரு குட்டி ஃபோக்ஸ்வாகன் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இதிலிருந்து, மன்னருக்குப் பின் ஆட்சியைப் பிடித்த கர்னல் மெங்கிஸ்டு ஹைலே மரியம் கற்ற பாடம், பஞ்சம் வரக் கூடாது என்பதல்ல. கேமரா வரக் கூடாது என்பது. 1984 செப்டம்பரில் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழா. அடிஸ் அபாபா முழுக்கத் தோரணவாயில், மார்க்ஸ் படம், லெனின் படம். அலங்காரத்துக்கு வடகொரியாவிலிருந்து நிபுணர்கள். வடக்கே மழை இல்லை, சோறு இல்லை. இருந்ததெல்லாம் உள்நாட்டுப் போர். நிருபர்களுக்கோ அந்தப் பக்கம் போக அனுமதி இல்லை.

விழா முடிந்ததும் கதவு கொஞ்சம் திறந்தது. பி.பி.சி.யின் மைக்கேல் பியூர்க்கும் கென்யக் கேமராக்காரர் முகமது அமீனும் கோரம் முகாமுக்குள் போனார்கள். அக்டோபர் 23-ம் தேதி அந்தக் காட்சிகள் பிரிட்டனில் ஒளிபரப்பாயின. அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பாப் கெல்டாஃப். அயர்லாந்துக்காரர். பூம்டவுன் ராட்ஸ் என்ற அவருடைய இசைக்குழுவுக்கு அப்போது மார்க்கெட் இறங்குமுகம். மனுஷன் தூங்கவில்லை. பாடகர் மிட்ஜ் யூரைச் சேர்த்துக்கொண்டு, நவம்பர் 25-ம் தேதி பெரிய பாடகர்களையெல்லாம் லண்டனில் ஒரே ஸ்டூடியோவில் அடைத்து, பஞ்ச நிவாரணத்துக்காக ஒரு பாட்டைப் பதிவு செய்தார்.

எத்தியோப்பியர்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்தது தெரியுமா என்று கேட்கிறது அந்தப் பாட்டு. எத்தியோப்பிய அரசர் கிறிஸ்தவரானது 4-ம் நூற்றாண்டில். ஆங்கிலேயர்களை மதம் மாற்ற ரோமிலிருந்து பாதிரியார் அகஸ்டின் கென்ட்டில் வந்து இறங்கியதே 597-ல்தான். அங்கே நதி ஓடாது என்றும் பாட்டு வருத்தப்பட்டது. நீல நைல் நதி புறப்படுவது எத்தியோப்பியாவின் டானா ஏரியிலிருந்து. ஆனால் ஒரு விஷயத்தில் பாட்டுக்குக் குருட்டு அதிர்ஷ்டம். எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல்தான். அவர்கள் காலண்டர்படி அப்போது நடந்துகொண்டிருந்ததே 1977. ஆக, டிசம்பர் 25 அன்று கிறிஸ்துமஸ் என்பது அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது!

இசைத்தட்டு பிரிட்டனில் 30 லட்சத்துக்கு மேல் விற்றது. முதல் வசூல் ராஜா அங்கேயே காத்திருந்தார்: பிரதமர் திருமதி தாட்சரின் கஜானா. ஒவ்வொரு தட்டுக்கும் விற்பனை வரி கட்டு என்றது. பட்டினிக்குப் போகும் காசிலும் பங்கா என்று கெல்டாஃப் ஊரைக் கூட்டியதும், அதே தொகையைக் கொடையாகத் திருப்பிக் கொடுத்துப் புண்ணியம் கட்டிக்கொண்டது. அந்த வருடங்களில் ஐரோப்பியக் கிடங்குகளில் உபரி தானியமும் வெண்ணெயும் மலையாகக் குவிந்து, அவற்றைப் பத்திரப்படுத்தவும் வரிப்பணம்தான் செலவாகிக்கொண்டிருந்தது. கோதுமை வீட்டில் இருக்க, பாட்டு விற்றுக் கோதுமை வாங்கினார்கள்.

1985 ஜூலை 13. லைவ் எய்ட். லண்டன் வெம்ப்ளியிலும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் அதே நிவாரணத்துக்காக ஒரே நாளில் கச்சேரி. ஃபில் காலின்ஸ் இங்கே பாடிவிட்டு, கான்கார்ட் விமானமேறி அங்கேயும் போய் வாசித்தார். பால் மெக்கார்ட்னி பாடும்போது மைக் படுத்துவிட்டது. நம்ம ஊர்க் கல்யாணக் கச்சேரி தோற்றது. வசூல் மந்தமாக இருக்கிறதென்று கெல்டாஃப் பி.பி.சி. நேரலையில் அச்சிலேற்ற முடியாத வார்த்தையை உதிர்த்தார். முகவரியெல்லாம் அப்புறம், போன் நம்பரைச் சொல்லு என்பது அதன் நாகரிக வடிவம். திட்டு வாங்கியதும் பிரிட்டிஷ்காரன் பர்ஸைத் திறந்தான். மேடையேறிய பாப் டிலன், இதில் கொஞ்சம் எடுத்து நம் அமெரிக்க விவசாயிகளின் அடமானக் கடனைக் கட்டினால் என்ன என்றார். கெல்டாஃபுக்கு வந்ததே கோபம்! ஆனால் செப்டம்பரிலேயே விவசாயிகளுக்கென்று தனிக் கச்சேரி நடந்தது.

பணம் ஆப்பிரிக்காவுக்குப் போனதும் மற்ற ராஜாக்கள் வரிசையில் நின்றார்கள். நிவாரண தானியம் இறக்கினால் மெங்கிஸ்டு அரசுக்குத் துறைமுகக் கட்டணம். சூடானில் லாரி முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து வாடகையை ஏற்ற, கெல்டாஃப் கோஷ்டி சொந்தமாகவே லாரி வாங்கி ஓட்டியது. கர்னலோ தானியத்தைத் தூண்டில் ஆக்கினார். வாங்க வந்தவர்களைப் பிடித்து, போராளிகளுக்கு ஆள்பலம் கிடைக்காதபடி, வடக்கிலிருந்து தென்மேற்குக்குக் குடியேற்றம் என்ற பெயரில் ஏற்றி அனுப்பினார். சுமார் 6 லட்சம் பேர். வழியிலும் போன இடத்திலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இதை வாய்விட்டுச் சொன்ன ஒரே குற்றத்துக்காக, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுக் கிளை 1985 கடைசியில் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டது. சொல்லாமல் வாயை மூடிக்கொண்டவர்கள் இருந்தார்கள். சோறு போட வேண்டுமே!

போராளிகள் மட்டும் இளைத்தவர்களா? மூட்டைக்குள் மணலைப் போட்டு தானியமென்று நிவாரணக்காரர்களிடமே விற்றோம் என்று வடக்கே உள்ள டிக்ரே பகுதியின் முன்னாள் போராளி ஒருவர் 2010-ல் பி.பி.சி.யிடம் சொன்னார். நிவாரணப் பணம் ஆயுதமானது என்று செய்தி பரவ, 'அப்பவே சொன்னேனே, நான் ஒரு பைசா கொடுக்கலை' என்று பிரிட்டன் முழுக்கத் தீர்க்கதரிசிகள் முளைத்தார்கள். அந்த நவம்பரில் பி.பி.சி. மன்னிப்புக் கேட்டது: கெல்டாஃப் அறக்கட்டளையின் பணம் ஆயுதத்துக்குப் போனது என்ற எண்ணத்தை உண்டாக்கியது தப்பு, அதற்கு ஆதாரமில்லை என்று. தீர்க்கதரிசிகள் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை.

சந்தேகம் நல்ல குணம்தான். ஆனால் போட்டவர் குடைந்ததெல்லாம் தான் போட்ட பத்து பவுண்டை; போடாதவர் குடைந்தது அடுத்தவர் போட்ட பத்து பவுண்டை. கர்னலுக்கு சோவியத் யூனியன் கோடிக்கணக்கில் அள்ளிக்கொடுத்த பீரங்கிக்கும் விமானத்துக்கும் ரசீது எங்கே என்று எந்த டீக்கடையும் கேட்கவில்லை. ஊரைக் கொளுத்தி, விதைப்பை நிறுத்தி, சந்தையைக் குண்டுபோட்டு மூடிய பிறகு வருவதுதான் பஞ்சம். அந்த வேலைக்கு டி.வி. வசூல் தேவைப்படவில்லை; முறையான பட்ஜெட்டிலேயே நடந்தது. கர்னல் 1991-ல் ஜிம்பாப்வேக்கு ஓடி, அதிபர் முகாபேயின் விருந்தாளியாகச் சௌக்கியமாகக் குடியேறினார்.

பாட்டை 1989-ல் திரும்பப் பாடினார்கள். 2004-ல் பாடினார்கள். 2014-ல் எபோலா வியாதிக்காக வரிகளை மாற்றிப் பாடினார்கள். பஞ்சத்தை உண்டாக்குகிறவனிடம் ஒருமுறையாவது கணக்குக் கேட்கும்வரை, பாடகர்கள் தொண்டையைக் கவனமாக வைத்துக்கொள்வது நல்லது.