ஒரு ஆபரேஷனை இரண்டாக்குவது எப்படி?

தேவையான பொருட்கள்: ஒரு வயிறு, ஒரு காப்பீட்டு அட்டை, பட்டியில் நாலு ஆடு. சித்தேரி மலையில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை. பாதி வித்தை உங்களுக்கே தெரியும், வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. வயிறு வலித்தால் பதறாதீர்கள். முதல் நாள் தொப்புளில் விளக்கெண்ணெய், இரண்டாம் நாள் சோடா, மூன்றாம் நாள் மந்திரிப்பு. வயிறு பலகையாக இறுகிய பிறகு 108-ஐக் கூப்பிடுங்கள். குடல் ஓட்டையாகிச் சீழ் பரவ அவகாசம் வேண்டாமா?

2. ஆபரேஷனுக்கு முந்தைய இரவு வரை பீடியை விடாதீர்கள். புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்து, குடல் தையலை ஆறவிடாது. சர்க்கரை இருப்பதைச் சொல்லாதீர்கள்.

3. மறுநாள் நர்ஸம்மா "எழுந்து நடங்க" என்றால் போர்வையை இழுத்து மூடுங்கள். நடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும், குடலும் சீக்கிரம் வேலை செய்யும். காரியம் கெட்டுவிடும்.

4. முதல் வாரத்தைக் கோட்டை விடாதீர்கள். குடல் தையல் கசிவது பெரும்பாலும் அப்போதுதான். காய்ச்சல், படபடப்பு, வயிறு உப்பல் தெரிந்ததுமே கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப் ஏறுங்கள். மலை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு கை போதும்.

5. நீங்கள் ஆஸ்பத்திரிக்காரரா? டிஸ்சார்ஜ் சீட்டை ஆங்கிலத்தில் கிறுக்கிக் கொடுங்கள். எது கண்டால் ஓடிவர வேண்டும் என்பதை மட்டும் எழுதாதீர்கள்.

6. தையலில் சீழ் கசிந்தால் துண்டைப் போட்டு மறையுங்கள். 66 நாடுகளில் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 12,539 பேரை ஆராய்ந்து 2018-ல் வெளியான முடிவு: புண்ணில் தொற்று, வளர்ந்த நாடுகளில் 9.4 சதவீதம், வளர்ச்சியில் பின்தங்கிய நாடுகளில் 23.2. நம் பங்கு குறையலாமா?

7. செலவா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் இருக்கிறதே! துணைக்கு உட்கார்ந்தவரின் கூலி, அரூருக்கும் தருமபுரிக்கும் அலைந்த வண்டி வாடகை, அறுக்காமல் உதிர்ந்த சாமை, இவற்றுக்கு அட்டை இல்லை. அதற்குத்தான் ஆடு. முதல் ஆபரேஷனுக்கு ஒன்று. தையல் விட்டு மறுபடி வயிற்றைத் திறந்தால் மிச்சம் மூன்றும்.

இவற்றில் எதையும் செய்யாமல் எல்லாம் சரியாக நடந்தும் சிலருக்குத் தையல் விடும். அது யார் குற்றமும் இல்லை. ஆனால் காய்ச்சல் கண்ட அன்றே மலையிறங்கினால் ஜீப் வாடகையோடு போகும். நாலு நாள் கழித்து இறங்கினால் பட்டி காலி.