மாவுக்கட்டும் மேஜிக் கிங்டமும்

கோடை விடுமுறை நெருங்கினால் தபால் பையில் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ வாசனை அடிக்கும். மகள் நியூஜெர்சியில், மகன் டாலஸில், பேரனுக்கு டிஸ்னி வேர்ல்ட். கிளம்புகிற நேரம் பார்த்து யாருக்காவது கால் பிசகும். இந்த வாரப் பக்கத்தைக் கால்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஒற்றைக்காலன், நங்கநல்லூர்

கேள்வி: கணுக்காலில் விரிசல், மாவுக்கட்டு. அடுத்த மாதம் ஃப்ளைட். டிக்கெட் பணம் திரும்பாது. போகலாமா?

பதில்: அதை உங்கள் எலும்பு டாக்டர் சொல்லட்டும், டிக்கெட் பணம் திரும்பாது என்பது மருத்துவக் காரணத்தில் சேராது. அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். அந்தக் காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம்? மணிக்கணக்காக விமானத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டே, அதற்கு மருந்து வேண்டுமா? கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகாமல் நீண்ட பயணம் என்றால், கட்டை நீளவாக்கில் பிளந்துகொண்டு வரும்படி பல விமான நிறுவனங்கள் சொல்லும். உள்ளே கால் வீங்கினால் இடம் வேண்டுமே! உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது, அந்த வம்பு இல்லை.

மருமகள், ஃப்ரீமான்ட்

கேள்வி: மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். வீட்டுக்குள் நன்றாக நடக்கிறார். பார்க்கில் வீல்சேர் எடுத்துக்கொள்ளலாம் என்றால், "நான் என்ன நோயாளியா?" என்று கோபிக்கிறார்.

பதில்: மாமா ஊரிலிருந்து எப்படி வந்து சேர்ந்தார் என்று மெதுவாக விசாரியுங்கள். மெரினாவில் தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிற எத்தனையோ அப்பாக்கள், விமான நிலையம் என்றால் மட்டும் வீல்சேர் கேட்டு வாங்கி உட்காருவார்கள். கால் வலியா? இல்லை. அடுத்த கேட் எங்கே, இமிக்ரேஷன்காரர் என்ன கேட்பார் என்ற கவலை. தள்ளுகிறவர் வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், காவல் தெய்வம் எல்லாமாகிவிடுகிறார். கால் நன்றாக இருந்தபோது உட்கார்ந்தவர் கால் கெட்டபிறகு உட்கார மறுப்பதில் என்ன நியாயம் என்று கேட்டுப் பாருங்கள். அத்தையை விட்டுக் கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது.

"முடியாதபோது எடுத்துக்கொள்ளலாம்" என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். வாடகை நாற்காலி இருப்பது பார்க் வாசலில். முடியாமல் போவதோ வாசலுக்கு ரொம்ப தூரத்தில். முன்பதிவும் கிடையாது, முதலில் வந்தவருக்கு முதலில். ஆகவே காலையிலேயே எடுத்து, பைகளையும் பேத்தியையும் அதில் வைத்து அவரையே தள்ளச் சொல்லுங்கள். மதியம் பேத்தி இறங்குவாள், தாத்தா ஏறுவார். கௌரவத்துக்கும் சேதமில்லை.

நடைப் பிரியர், கோவை

கேள்வி: ஒரு பூங்காவைச் சுற்ற வீல்சேர் எதற்கு? அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து போனால் போதாதா?

பதில்: பூங்கா என்றதும் பனகல் பார்க்கை நினைத்துவிட்டீர்கள். டிஸ்னி வேர்ல்ட் மொத்தமும் ஏறக்குறைய சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் பரப்பு. உள்ளே நான்கு தீம் பார்க், இரண்டு வாட்டர் பார்க். அவற்றில் ஒன்றான எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. அந்த ஒரு சுற்றே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். (இந்தியாவுக்கு அரங்கு இல்லை. அந்த அளவுக்கு நடை மிச்சம்.) இன்னொன்றான மேஜிக் கிங்டத்துக்குச் சொந்தக் காரில் போனால், காரை நிறுத்திவிட்டு மோனோரயிலோ படகோ பிடித்தால்தான் வாசலே வரும். சவாரி சில நிமிஷம், மீதியெல்லாம் நடையும் நிற்பதும். உடைந்த காலுக்கு நடையைவிட நிற்பதுதான் எமன்.

கோவிந்தா, திருவள்ளூர்

கேள்வி: திருப்பதியில் முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வரிசை உண்டு. டிஸ்னியில் வீல்சேர்காரருக்கு உடனடி தரிசனம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஃப்ளோரிடாவில் பெரும்பாலான வரிசைகள் சக்கர நாற்காலி போகும் அகலத்தில் இருக்கின்றன. நீங்களும் எல்லோரோடும் அதே வரிசையில், அதே நேரம் காத்திருக்க வேண்டியதுதான்; மற்றவர்கள் நின்றுகொண்டு, நீங்கள் உட்கார்ந்துகொண்டு. கலிஃபோர்னியாவில் 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டில் சில வரிசைகள் குறுகல். அங்கே "இத்தனை மணிக்கு வாருங்கள்" என்று நேரம் குறித்துக் கொடுத்து வேறு வாசல் வழியாக விடுவார்கள். காத்திருப்பு அப்போதும் குறையாது. காத்திருக்கும் இடம்தான் மாறும். காசு கொடுத்துக் காத்திருப்பைக் குறைக்க வேண்டுமானால் 'லைட்னிங் லேன்' இருக்கிறது. அதற்குக் கால் உடைந்திருக்க வேண்டிய அவசியமில்லை, பர்ஸ் கனமாக இருந்தால் போதும்.

பெயர் வேண்டாம், சிகாகோ

கேள்வி: ஏதோ 'டாஸ்' என்று வரிசைச் சலுகை இருக்கிறதாமே? கொஞ்சம் கூட்டிச் சொன்னால் கொடுத்துவிடுவார்கள் என்கிறார் நண்பர்.

பதில்: பெயர் வேண்டாம் என்றபோதே உங்கள் மனசாட்சி வேலை செய்வது தெரிகிறது. அந்தச் சலுகைக்கு ஒரு பூர்வகதை உண்டு. முன்பு டிஸ்னியில் உதவி அட்டை என்று ஒன்று தாராளமாகப் புழங்கியது. 2013-ல், வசதியான நியூயார்க் குடும்பங்கள் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு அமர்த்தி, "இவரும் எங்கள் குடும்பம்தான்" என்று வரிசை தாண்டியதாகப் பத்திரிகைச் செய்தி வந்தது. அந்த அக்டோபரிலேயே பழைய அட்டை ஒழிந்து 'டாஸ்' வந்தது. அதுவும் நெரிபட, 2024-ல் மேலும் இறுக்கினார்கள். இப்போது அது முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நெடுநேரம் வரிசையில் நிற்க இயலாதவர்களுக்கு. கால் கட்டுக்கு அவர்கள் சொல்லும் பதில், "வீல்சேரில் வரிசைக்கு வாருங்கள்." பொய் சொன்னது தெரிந்தால் நிரந்தரமாகவே உள்ளே வர முடியாது. நண்பரிடம் சொல்லிவிடுங்கள், அவருக்கும் குழந்தைகள் இருக்கும்.

பேட்டரி, ஹூஸ்டன்

கேள்வி: கையால் தள்ளும் வீல்சேரா, பேட்டரி ஸ்கூட்டரா?

பதில்: தள்ள ஒரு திடகாத்திர மருமகனும் அவனிடம் பொறுமையும் இருந்தால் வீல்சேர். இல்லையென்றால் ஸ்கூட்டர். ஸ்கூட்டரில் சுதந்திரம் உண்டு, யாரையும் கெஞ்ச வேண்டாம். ஆனால் பல சவாரிகளின் வரிசைக்குள் அது நுழையாது, அங்கே சாதாரண வீல்சேருக்கு மாறியாக வேண்டும். வாடகை ஸ்கூட்டரை ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும், லைசென்ஸ் கேட்பதில்லை. கேட்டால் தேவலை என்று தோன்றும். முன்னால் போகிற குடும்பம் செல்ஃபிக்காகத் திடீரென்று நிற்கும், நம் ஆள் அவர்கள் குதிகாலில் ஏற்றிவிட்டு "சாரி" என்பார். வேகத்தைக் குறைத்தே வையுங்கள்.

இன்னொன்று: பார்க் வாசலில் எடுப்பதைப் பார்க்கை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. கார் நிறுத்துமிடம், ஹோட்டல் வராந்தா எல்லாம் உங்கள் சொந்தக் காலில். ஹோட்டலுக்கே கொண்டுவந்து தரும் வாடகைக் கடைகள் ஆர்லாண்டோவில் உண்டு. நாலைந்து நாள் தங்கினால் அதுதான் புத்திசாலித்தனம். டிஸ்னி பஸ்ஸில் சாய்தளம் இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்கைலைனர் கம்பிவடப் பெட்டியில்கூட வீல்சேர்காரர் ஏற, பெட்டி அசையாமல் நிற்கும் தனி இடம் வைத்திருக்கிறார்கள்.

சவாரி ஆசை, சிங்கப்பூர்

கேள்வி: கட்டுப் போட்ட காலோடு எதிலெல்லாம் ஏறலாம்?

பதில்: ஒவ்வொரு சவாரிக்கும் மூன்றில் ஒரு நிபந்தனை போட்டிருப்பார்கள். நாற்காலியோடு ஏறலாம், நாற்காலியை விட்டு இருக்கைக்கு மாற வேண்டும், நடக்க முடிந்தவர் மட்டும். முதல் வகையில் கிளிமஞ்சாரோ சஃபாரி வருகிறது, நாற்காலியோடு ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம். 'ஸ்மால் வேர்ல்ட்', ஜங்கிள் க்ரூஸ் இரண்டிலும் அதற்கென்று படகு உண்டு. ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டர் இரண்டாம் வகை. குலுக்கல் வேறு, எலும்பு சேருகிற காலத்தில் எதற்கு? மூன்றாம் வகையில் நூற்றுச்சொச்சம் படிகள் கொண்ட மரவீடும், ஓடும் சரிவில் ஏற வேண்டிய 'பீப்பிள் மூவர்' வண்டியும்.

இரண்டாம் வகையில் ஒரு விஷயம் முக்கியம். பணியாளர்கள் வழி காட்டுவார்கள், நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள், ஓடும் மேடையின் வேகத்தைச் சில இடங்களில் குறைப்பார்கள். உங்களைத் தூக்க மாட்டார்கள், அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில் என்று ஊரிலேயே பழகிக்கொண்டு போங்கள். மனைவிதான் தூக்குவார் என்றால், அவர் முதுகையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நீச்சல் வீரன், பாண்டிச்சேரி

கேள்வி: ஃபைபர் கட்டு நனையாதாமே? வாட்டர் பார்க் போகலாமா?

பதில்: ஃபைபர் நனைந்தாலும் கெடாது. உள்ளே இருக்கும் பஞ்சு?

மழைக்காகிதம், தாம்பரம்

கேள்வி: ஜூலையில் போகிறோம். வெயிலுக்குக் குடை போதுமா?

பதில்: வெயிலுக்குப் போதும். கோடை மதியங்களில் ஃப்ளோரிடாவில் இடியோடு மழை கொட்டும். மின்னல் வெட்டினால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். கட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, ஸ்கூட்டரின் கைப்பிடிப் பெட்டிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், அங்கே மழைக்கோட்டு விலையில் மிக்கியின் பங்கும் சேர்ந்திருக்கும்.

தள்ளுவண்டி, ஈரோடு

கேள்வி: அம்மாவை நான்தான் தள்ளப்போகிறேன். நான் தெரிந்துகொள்ள வேண்டியது?

பதில்: சொல்லாமல் தள்ளாதீர்கள், சொல்லாமல் நிறுத்தாதீர்கள். சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போகாதீர்கள். அவர் கண் மட்டத்தில் தெரிவது முன்னால் போகிறவர்களின் இடுப்பும் பைகளும்தான். ஊர்வலம் என்றால் வீல்சேர்காரருக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு முன்கூட்டியே போய்விடுங்கள், அதுவும் நிரம்பிவிடும். நாற்காலிக் கைப்பிடியில் கனமான பைகளை மாட்டினால், அம்மா எழுந்தவுடன் நாற்காலி மல்லாக்க விழும். இறக்கத்தில் பின்பக்கமாக இறக்குவது பத்திரம். இன்னும் ஒன்று: கடைக்காரர் "அவங்களுக்கு என்ன வேணும்?" என்று உங்களைக் கேட்பார். பதில் சொல்லாதீர்கள். அம்மாவைப் பாருங்கள். கால்தான் உடைந்திருக்கிறது, அவருக்கு என்ன வேண்டும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

குற்ற உணர்ச்சி, யாழ்ப்பாணம்

கேள்வி: எனக்கு ஆறு கிழமையில் சரியாகிவிடும். உண்மையான மாற்றுத்திறனாளிகளின் இடத்தைப் பறிக்கிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது.

பதில்: இந்தக் கூச்சம் சிகாகோ நண்பருக்கு வந்திருக்க வேண்டியது. வாடகை நாற்காலிக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை, உடைந்த காலுக்கும் அதில் இடம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான கார் நிறுத்துமிடம் வேறு கதை: ஃப்ளோரிடாவில் தற்காலிக இயலாமைக்கு டாக்டர் சான்றோடு சிவப்பு அட்டை தருகிறார்கள், அதிகபட்சம் ஆறு மாதம். அட்டை இல்லாமல் அங்கே காரை விடக்கூடாது. அகலமான கழிப்பறைக்குள் உட்கார்ந்து வாட்ஸப் பார்க்காதீர்கள், வெளியே அதை விட்டால் வேறு வழி இல்லாதவர் காத்திருப்பார். இவ்வளவு போதும், மிச்ச நேரம் சிரித்துக்கொண்டே போட்டோ எடுங்கள்.

உள்ளூர்வாசி, சேலம்

கேள்வி: இதெல்லாம் நம் ஊர் தீம் பார்க்குகளில் கிடைக்குமா?

பதில்: சட்டத்தில் கிடைக்கும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுமக்கள் புழங்கும் தனியார் கட்டடங்களையும், பொழுதுபோக்கு இடங்கள் உட்பட, சேர்த்தே பேசுகிறது. நிஜத்தில், கிளம்பும் முன் போன் செய்யுங்கள். "வீல்சேர் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். எத்தனை இருக்கிறது, சாய்தளம் எங்கெங்கே, அகலமான கழிப்பறை நுழைவாயிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். மறுமுனையில் இருப்பவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னால் நல்ல பார்க்.

வலி, மதுரை

கேள்வி: நடுவில் வலி தாங்க முடியாமல் போனால்?

பதில்: ஒவ்வொரு பார்க்கிலும் நர்ஸ்கள் இருக்கும் முதலுதவி நிலையம் உண்டு. படுத்து ஓய்வெடுக்கக் கட்டில் இருக்கும், குளிரில் வைக்க வேண்டிய மருந்தையும் வைத்துத் தருவார்கள். உள்ளே நுழைந்ததும் அது வரைபடத்தில் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் மிக்கியைத் தேட வேண்டும். வலி வருவதற்கு முன்பே காலை உயர்த்தி வையுங்கள், மதியம் ஹோட்டலுக்குத் திரும்பித் தூங்குங்கள்.

தனிமரம், அண்ணா நகர்

கேள்வி: எல்லோரும் ஸ்பேஸ் மவுண்டனில் கத்திக்கொண்டிருக்கும்போது நான் வெளியே பை காக்க வேண்டியதுதானா?

பதில்: பையோடு பக்கத்திலேயே இருக்கும் 'கரூசல் ஆஃப் ப்ராக்ரஸ்' கட்டடத்துக்குப் போங்கள். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக வால்ட் டிஸ்னி செய்தது. 1975-லிருந்து ஃப்ளோரிடாவில் ஓடுகிறது. இருபது நிமிஷம், ஏ.சி., நாற்காலியைவிட்டு எழ வேண்டாம். மேடை நின்ற இடத்திலேயே நிற்கும், ஒவ்வொரு காட்சிக்கும் பார்வையாளர் பகுதிதான் சுற்றி நகரும். வெளியே வந்து, நானும் ராட்டினம் சுற்றினேன் என்று தைரியமாகச் சொல்லலாம்.