அங்குலக் கணக்கும் சொல் கணக்கும்

1930களில் மைசூரில் செய்திக்கு அங்குலக் கணக்கில் கூலி கொடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஜஸ்டிஸ்' நாளிதழுக்கு அப்போது மைசூர்ச் செய்தியாளராக இருந்தவர் நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண். பிராமணரல்லாதார் இயக்கத்தின் பத்திரிகைக்காக ஒரு பிராமண இளைஞர் தெருத்தெருவாகச் செய்தி தேடினார். அச்சில் எத்தனை அங்குலம் வந்ததோ அதை அளந்து பணம். எழுத்தை நம்பி இறங்கிய முதல் வருடத்தில் தன் மொத்த வரவு 9 ரூபாய் 12 அணா என்று 'மை டேஸ்' என்ற தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

நான் இதே ஊரில் 2009ல் சொல் கணக்கில் எழுத ஆரம்பித்தேன். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். பெங்களூருக்குப் போய் வேலை பார்க்க வழியில்லை. அமெரிக்க இணையதளங்களுக்குக் கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம், சொல்லுக்கு 25 பைசா தந்தது. ஐந்நூறு சொல் எழுதினால் 125 ரூபாய். வீட்டுக் கடன், நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி, ஒஹாயோவில் கூரைமேல் உறைந்த பனியை எப்படி இறக்குவது என்று தலைப்புகள் வரும். குறிப்பிட்ட கீவேர்டு குறிப்பிட்ட எண்ணிக்கையில் வந்தாக வேண்டும். அப்பா தூங்கிய பிறகு சரஸ்வதிபுரத்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தால் விடியும்வரை எழுதுவேன்.

அந்த வேலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அப்பாவின் மருந்துச் செலவு அதிலிருந்துதான் வந்தது. வயதென்ன, கல்யாணம் ஆயிற்றா, நடுவில் ஏன் வேலையை விட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. கைக்குழந்தையோடு வேலையை விட்டு நின்ற எத்தனையோ பெண்களுக்கு இந்தச் சொல் கணக்கு சொந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தது. தெரியாத விஷயத்தை ஒரு மணி நேரத்தில் படித்துப் புரிந்துகொண்டு, இன்னொருவருக்குப் புரியும்படி சொல்ல நான் கற்றதும் அங்கேதான்.

2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. 'பாண்டா' என்று பெயர். கீவேர்டை அடுக்கி ஒப்பேற்றிய தளங்கள் தேடலில் கீழே தள்ளப்பட்டன. எங்கள் வேலையும் சட்டென்று வற்றியது. பிழைத்து நின்ற நிறுவனங்களிடமிருந்து புது உத்தரவு வந்தது: இயந்திரம் மாதிரி எழுதாதீர்கள், மனிதர் எழுதியதாகத் தெரியவேண்டும். நான் மகிழ்ச்சியோடுதான் மாறினேன். சொல்லுக்கு ஒரு ரூபாய்வரை உயர்ந்த காலமும் இருந்தது.

இப்போது பக்கத்து வீட்டுப் பெண், மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தில் எம்.ஏ. முடித்தவள், அதே மாதிரி ஒரு நிறுவனத்துக்கு எழுதுகிறாள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு வேலையின் உருவமே வேறு. முதல் படியை இயந்திரம் எழுதிவிடும். அதை மனிதர் எழுதியதுபோல் ஆக்கிக் கொடுக்க வேண்டும். பாதி வேலை என்று சொல்லிப் பாதிக்கும் குறைவான கூலி. தவறான தேதியை, இல்லாத ஆய்வை, எங்குமே நடக்காத சம்பவத்தைத் தேடிக் களைவதற்குப் புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்துக்குக் காசில்லை.

"அக்கா, என் வேலை எழுதுறதா, துடைக்கிறதா?" என்று கேட்டாள்.

"முதல்ல உன் ஒப்பந்தத்தைக் கொண்டு வா, படிச்சுப் பாக்கலாம்" என்றேன்.

அவளுடைய கேள்விக்கு என் மனதில் இருந்த பதில் நாராயணைப் பற்றியது. அங்குலக் கூலிக்கு உழைத்த அதே காலத்தில்தான் அவர் தன் கதையையும் விடாமல் எழுதினார். 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' நாவல் 1935ல் லண்டனில் வெளிவந்தது. நாராயணசுவாமி என்ற பெயரைச் சுருக்கச் சொன்னவர் ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீன். சுருங்கினாலும் அட்டையில் இருந்தது அவர் பெயர். போர்க்காலத்தில் 'இந்தியன் தாட்' பதிப்பகத்தை மைசூரிலேயே தொடங்கித் தன் புத்தகங்களைத் தானே வெளியிட்டார். யாதவகிரியில் அவர் கட்டிய வீட்டை இன்று நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். நான் சொல் கணக்கில் எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒன்றில்கூட என் பெயர் இல்லை. அவற்றை வாங்கிய தளங்கள் பலவும் இப்போது இணையத்திலேயே இல்லை. புது வாய்ப்புக்கு மாதிரி கேட்டால் காட்ட ஒன்றுமில்லாமல் நின்றிருக்கிறேன். சில்லறைக் கூலியைவிட எனக்கு வலித்தது அதுதான்.

எழுத்து யாருக்குச் சொந்தம் என்பதில் சட்டம், எழுதுபவரின் பக்கம் நிற்பதை நாங்கள் யாரும் அப்போது அறியவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குப் போகும். வெளியிலிருந்து எழுதுபவரின் எழுத்து, அவர் கையெழுத்திட்டு மாற்றித்தராதவரை அவருடையதே. மாற்றித்தரும் பத்திரத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ஒப்பந்தங்களில் 'என்றென்றைக்கும், உலகம் முழுவதும்' என்ற வரி தவறாமல் இருப்பதன் காரணம் இதுதான். அரசின் 'உத்யம்' தளத்தில் சிறுதொழிலாகப் பதிந்துகொண்டால், 45 நாளுக்குமேல் பாக்கி வைக்கும் நிறுவனத்திடம் வட்டியோடு கேட்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. கூலியில் பிடித்த வரி (டிடிஎஸ்) தன் பான் கணக்கில் வந்ததா என்பதை வருமான வரித்துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, டாக்சி, உணவு விநியோகத் தளங்களோடு உள்ளடக்க, ஊடகச் சேவைத் தளங்களையும் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. உணவுப் பை சுமக்கும் பையன்கள் சங்கம் வைத்துக் குரல் கொடுக்கிறார்கள். அவரவர் அறையில் தனித்தனியாக உட்கார்ந்து எழுதும் நாங்களும் அப்படிச் சேர்ந்து நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

இருவரும் உட்கார்ந்து அவள் ஒப்பந்தத்தில் மூன்று திருத்தம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினோம். பணம் 45 நாளுக்குள். இயந்திரப் படியைச் சரிபார்க்கும் நேரத்துக்கு மணிக்கணக்கில் தனிக் கூலி. மாதம் ஒரு கட்டுரையாவது அவள் பெயரோடு. முதலாவதற்கு ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் தரமுடியாது என்றுவிட்டார்கள். காலையில் முதல் இரண்டு மணி நேரம் நிறுவன வேலையைத் தொடுவதில்லை என்று அவள் முடிவெடுத்திருக்கிறாள். தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்கும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறாள். முதல் அத்தியாயத்தை எனக்குக் கொடுத்திருக்கிறாள்.