மெயில் கனவான்

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கலர் கலராகத் துணித்துண்டுகள் சிதறிய மேசையில், கம்ப்யூட்டர் திரையோடு மூக்கு உரச உட்கார்ந்திருப்பார். உத்தியோகம் மெர்ச்சண்டைசர். கடல் தாண்டி இருக்கும் பையருக்கும், இங்கே நிட்டிங், டையிங், பிரிண்டிங், கட்டிங் என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பட்டாளத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஜீவன்.

இவருக்கு இரண்டு குரல். ஒன்று போனுக்கு.

"ஏனுங்ணா, நேத்தே குடுக்கறேன்னு சொல்லிப்போட்டு இன்னிக்கு ஷேடே வரலீங்கறீங்க! பையரு என்ற தோல உரிச்சுப்போடுவாருங்ணா!"

மற்றது மெயிலுக்கு. சாயப்பட்டறைக்காரரைத் திட்டி முடித்துப் போனை வைத்ததும், அதே விரல்கள் ஜெர்மனிக்குத் தட்டத் தொடங்கும். அப்போது அவர் விக்டோரியா மகாராணியின் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை. தாங்கள் நலமென நம்புகிறேன் என்று ஆரம்பிப்பார். (நம் ஊர் இன்லேண்ட் லெட்டர் இதையே 'நலம், நலமறிய ஆவல்' என்று சுருக்கமாக முடித்துவிட்டு வேலையைப் பார்க்கும்.) தங்கள் பொறுமைக்கு நன்றி என்பார். அந்தப் பையருக்குப் பொறுமை இருந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

இந்த மாயத்துக்கெல்லாம் கருவிகள் காரணம். திரையில் வரிசையாக ஜன்னல்கள் திறந்திருக்கும். ஒன்றில் கூகுள் டிரான்ஸ்லேட், அடுத்ததில் ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து 2017-ல் வெளிவந்த டீப்எல், இன்னொன்றில் சாட்ஜிபிடி. மெயிலுக்குள்ளேயே கிராமர்லி குடியிருக்கும். உக்ரைன்காரர்கள் 2009-ல் தொடங்கிய அந்தக் கருவி, திருப்பூர்க்காரர் ஜெர்மன்காரருக்கு எழுதும் இங்கிலீஷில் சிவப்புக்கோடு போடுகிறது. எழுதியவரின் தொனி எப்படி என்று பொம்மை முகம் காட்டிச் சொல்லும் வசதி அதில் 2019-ல் வந்தது. அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. முகம் சிரிக்கும்வரை மெயிலைத் திருத்திக்கொண்டே இருப்பார். முகம் சிரிப்பதற்குள் தூத்துக்குடியில் கப்பல் கிளம்பிவிடும்.

கருவிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இங்கிலீஷ் பேசத் தெரிந்த முதலாளியின் தங்கை மகன் ஏசி அறையிலும், துணியைத் தொட்டே அதன் எடையை, அதாவது ஜிஎஸ்எம்மை, சொல்லிவிடுகிற கெட்டிக்காரன் கட்டிங் மேசையிலும் இருந்த காலம் ஒன்று உண்டு. தாராபுரம் பக்கத்துத் தமிழ் மீடியத்தில் படித்த பெண் இன்று ஸ்பெயின்காரரோடு நேரடியாகப் பேரம் பேசுகிறாள் என்றால், அதில் இந்த ஜன்னல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தங்கை மகனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

நம் கனவானின் கதை வேறு. "டையிங் லேட். ஒரு வாரம் டைம் வேணும்" என்று கருவியிடம் கொடுத்து, மரியாதையாக மாற்றச் சொல்வார். நாலு பத்தி வந்து விழும். எதிர்பாராத சூழல், நீண்டகால நல்லுறவு, தரத்தில் சமரசமின்மை எல்லாம் இருக்கும். ஒரு வாரம் மட்டும் 'விரைவில்' ஆகியிருக்கும். அவர் அதைக் கவனிக்கமாட்டார். தன் பெயரில் இப்படி ஒரு இங்கிலீஷ் வந்திருப்பதைப் பார்த்துச் சொக்கிப்போய் அனுப்பிவிடுவார்.

பையரிடமிருந்து ஒரே வரியில் பதில் வரும்: "எந்தத் தேதி?"

உடனே அந்த ஒரு வரியைக் கருவியிடம் கொடுத்து, "ஆள் கோவமா இருக்காரா?" என்று கேட்பார். நேரடியாகவும் அலுவல் முறையிலும் எழுதியிருக்கிறார் என்று அது சொல்லும். மனம் ஆறாது. இன்னொரு நாலு பத்தி தயாராகும். சாயம் ஒத்துவந்த போட்டோவை இணைத்திருப்பதாக அதில் எழுதிவிட்டு, இணைக்க மறந்துவிடுவார். ஜிமெயில் அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். பதறிப்போய் ஒரு ஃபைலை எடுத்துச் செருகுவார். அது பையர் பார்க்கவே கூடாத அடக்கவிலைக் கணக்கு, காஸ்டிங் ஷீட்டாக இருக்கும். போன மெயிலைத் திரும்பப் பிடிக்க ஜிமெயில் தரும் அவகாசம் அதிகபட்சம் 30 விநாடி. அதற்குள் அவர் அவிநாசியப்பரை மூன்று முறை கூப்பிட்டுவிடுவார்.

2015-ல் கூகுள், மெயிலுக்குத் தானே குட்டிப் பதில் பரிந்துரைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. உள்ளே சோதித்துப் பார்த்தபோது, எதற்கெடுத்தாலும் 'ஐ லவ் யூ' என்று அது பரிந்துரைத்ததாம். மெயில்களில் அடிக்கடி வருகிற வாசகம் என்பதால், சந்தேகம் வந்தால் அதையே பிடித்துக்கொண்டது. திருத்திய பிறகுதான் வெளியே விட்டார்கள். திருத்தாமல் விட்டிருந்தால் நம்மவர் ஷிப்மென்ட் தாமதத்துக்கு அதையே அனுப்பியிருப்பார். அதிலும் தேதி இருந்திருக்காது.

எல்லாம் முற்றியபின் முதலாளி எழுந்து வருவார். பழைய ஃபேக்ஸ் காலத்து ஆள். ஒற்றை விரலால் தட்டுவார்: "ஷேட் மிஸ்டேக். 18 ஷிப்மென்ட். சாரி." ஐந்து நிமிடத்தில் "ஓகே, தேங்க்ஸ்" என்று பதில் வந்து நிற்கும். கிராமர்லி அந்த மூன்று துண்டு வாக்கியத்திலும் பிழை காட்டிக்கொண்டிருக்கும்.

கனவானே, தேதியை முதல் வரியில் போட்டுவிடுங்கள். நலம் விசாரிப்பைப் பணம் வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.